வனவிலங்குத் தலங்கள் பொறித்த வண்ண வெள்ளி நாணயங்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

குறிஞ்சி_கோவை

வணக்கம். இங்கே பழைய காசுகளைப் பற்றிய இழைகள்தான் அதிகம். என் கேள்வி கொஞ்சம் புதுசு. ஜெர்மனியில் இருக்கும் பெரியப்பா மகன் ஊருக்கு வந்தபோது ஒரு வெள்ளி நாணயம் கொடுத்தான். சோமாலியா, 100 ஷில்லிங், ஒரு அவுன்ஸ். யானை நிற்கிறது, பின்னால் ஆரஞ்சு நிறத்தில் சூரியன் இறங்குகிறது, கீழே பச்சைப் புல். கண்ணை எடுக்க முடியவில்லை.

காடு சுற்றுவது எனக்குப் பிடிக்கும். அதனால் தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை என்று இடங்களை வைத்து இந்த மாதிரி வண்ண வெள்ளி நாணயங்களைச் சேர்க்கலாமா என்று ஆசை வந்துவிட்டது. வண்ணத்தை நாணயச்சாலையே போடுகிறதா, இல்லை பிறகு யாராவது பூசுகிறார்களா? எதைப் பார்த்து வாங்குவது? நாளைக்கு விற்க நேர்ந்தால் போட்ட பணம் தேறுமா? என்னிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. வட்டமான பிளாஸ்டிக் டப்பா மட்டும் இருக்கிறது.

பழங்காசு_சுப்பு

வாம்மா. நேராகவே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாணயம் என்றால் அச்சில் அடிபட்டு உலோகத்தில் எழும் உருவம். ராஜராஜன் காசில் நிற்கும் ஆளைப் பார். ஆயிரம் வருஷம் கழித்தும் விரலால் தடவினால் தெரிகிறது. அதன் மேல் யாராவது பெயிண்ட் அடித்தார்களா? வண்ணம் அடித்த வெள்ளியைப் பதக்கம் என்று சொல், பொம்மை என்று சொல், நாணயம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

கடலோரம்

சுப்பு ஐயா, உங்கள் காசு எல்லாம் பார்த்திருக்கிறேன், கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் இதைப் பொம்மை என்று தள்ளிவிட முடியாது.

நவீன வண்ண நாணயத்தின் கதை பெரும்பாலும் பலாவில் தொடங்குவதாகச் சொல்வார்கள். பசிபிக்கில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே இருக்கும் தீவுக் கூட்டம், மக்கள்தொகை இருபதாயிரத்துக்கும் குறைவு. 1992-ல் 'கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு' என்று ஒரு வரிசை வந்தது: செம்பு நிக்கலில் 1 டாலர், வெள்ளியில் 5 டாலர். மீன்களும் பவளமும் வண்ணத்தில். இதில் வேடிக்கை என்னவென்றால் பலா சுதந்திரம் பெற்றது 1994 அக்டோபர் 1-ல்தான். நாடு பிறப்பதற்கு முன்பே நாணயம் பிறந்துவிட்டது. அங்கே கடையில் புழங்குவது அமெரிக்க டாலர். இந்த நாணயத்தை நீட்டினால் கடைக்காரர் முழிப்பார்.

ஆனால் அந்த நாணயத்தில் இருக்கும் மீன் அந்தக் கடலில் உண்மையாகவே இருக்கிறது. 2009-ல் தன் கடல் முழுவதையும் சுறாக்களுக்குச் சரணாலயமாக அறிவித்த முதல் நாடு பலா. அதன் ராக் தீவுகள் 2012-ல் உலகப் பாரம்பரியத் தலமாயின. 2020-லிருந்து தன் கடல் எல்லையில் 80 சதவீதத்தில் மீன்பிடிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு இடத்தின் காசு என்றால் எனக்கு அது பொம்மை இல்லை.

பழங்காசு_சுப்பு

மீன் உண்மை, கடல் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். பெயிண்ட்?

மார்க்கம்_அண்ணா

ஐயாவுக்கு ஒரு தகவல். இங்கே கனடாவில் 2004-ல் 25 சென்ட் நாணயம் ஒன்றில் சிவப்புப் பொப்பிப் பூவை அச்சிட்டு விட்டார்கள். சேகரிப்புக்கு இல்லை, கடையில் மிச்சக் காசாகக் கையில் வந்த நாணயம். புழக்கத்துக்கு வந்த உலகின் முதல் வண்ண நாணயம் அதுதான். பிறகு ஆஸ்திரேலியாவும் 2012-ல் 2 டாலரில் சிவப்புப் பொப்பி போட்டது. அரசாங்கமே வண்ணம் போட்டுப் புழக்கத்தில் விட்ட பிறகு நாணயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? வெள்ளியில் வண்ணக் கரடி, ஆந்தை, கடமான் என்று இங்கே கனக்க வருகுது. எல்லாம் வடிவுதான், விலையும் அப்படித்தான்.

உரைகல்

குறிஞ்சி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மற்ற எல்லாம் அதில்தான் நிற்கிறது.

வண்ண வெள்ளியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, வெளியிடும்போதே நாணயச்சாலை வண்ணத்தோடு திட்டமிட்டது. இன்னொன்று, சாதாரண வெள்ளி நாணயத்தை மொத்தமாக வாங்கி, ஒரு தனியார் பட்டறை மேலே வண்ணம் ஏற்றி, பெட்டி போட்டு விற்பது. இரண்டாவதைச் சேகரிப்பாளர்கள் சேதப்பட்ட நாணயமாகத்தான் பார்ப்பார்கள். அழகாக இருந்தாலும் சரி, விற்கும்போது எடைக்குத்தான் விலை.

சோமாலிய யானையை அடிப்பது பவேரிய அரசு நாணயச்சாலை, மியூனிக் பக்கம். சோமாலியா பெயரில் 2004-லிருந்து வருகிறது, வருஷத்துக்கு வருஷம் யானையின் உருவம் மாறும். மறுபக்கம் இரண்டு சிறுத்தை தாங்கும் சோமாலியச் சின்னம். அதன் வழக்கமான வெளியீடு வண்ணமே இல்லாத வெள்ளி. வண்ண யானைகளில் பெரும்பகுதி அடித்த பிறகு விற்பனையாளர்களுக்காக வண்ணம் ஏற்றப்பட்டவை. உங்களுடையது அந்த ரகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள். நாணயச்சாலை வண்ணம் போடத் திட்டமிட்டால் அச்சு வெட்டும்போதே அந்த இடத்தைத் தட்டையாகவோ மேலோட்டமான புடைப்பாகவோ விட்டிருக்கும். வண்ணத்தின் எல்லை உருவத்தின் எல்லையோடு ஒட்டி நிற்கும். பின்னால் பூசியதில் யானையின் காது மடிப்பு, தோல் சுருக்கம் எல்லாம் வண்ணத்துக்கு அடியில் முழுப் புடைப்போடு கிடக்கும். வண்ணம் பள்ளத்தில் தேங்கியோ மேட்டில் மெலிந்தோ தெரியும். எல்லையில் அரை மில்லிமீட்டர் வழுவியிருந்தாலும் லூப்பில் காட்டிக்கொடுத்துவிடும். சிலதில் வண்ணத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிசின் குமிழ் இருக்கும். அதைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் நியூமிஸ்டா என்ற இணைய நாணயப் பட்டியலில் தேடுங்கள். நாடு, ஆண்டு, முகமதிப்பு (நாணயத்தில் எழுதியிருக்கும் தொகை) போட்டால் வரும். வண்ண வடிவம் அதிகாரபூர்வமாக இருந்தால் தனிப் பதிவாகவோ குறிப்பாகவோ அங்கே இருக்கும்.

குறிஞ்சி_கோவை

பார்த்தேன். காதின் மடிப்பு மேல் ஆரஞ்சு வழிந்திருக்கிறது, வலது பக்கம் புல் விளிம்பைத் தாண்டி நிற்கிறது. சரி, புரிந்துவிட்டது. தம்பி கொடுத்தது, வைத்துக்கொள்கிறேன். இனி வாங்கும்போதுதான் யோசிக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். ஒரே நாணயம் வண்ணத்தோடும் வண்ணமில்லாமலும் இருந்தால் வண்ணம் வெளியாள் பூசியது என்று முடிவு கட்டிவிடலாமா?

உரைகல்

கூடாது. ஆஸ்திரேலிய நாணயச்சாலையான பெர்த் மின்ட்டின் சீன ராசி விலங்கு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டு, ஒரே விலங்கு. சாதாரண வெள்ளி ஒன்று, வண்ணம் ஒன்று, பொன்முலாம் ஒன்று என்று அவர்களே வெளியிடுவார்கள். சீனப் பாண்டா நாணயங்களிலும் 90-களின் கடைசியில் சீனாவே வண்ணப் பாண்டா வெளியிட்டது. ஆனால் சந்தையில் கிடக்கும் வண்ணப் பாண்டாக்களில் எத்தனையோ வெளியார் பூசியவை. அதனால்தான் சான்றிதழைப் படிக்கச் சொல்கிறேன், பார்க்க மட்டும் செய்யாதீர்கள். அதில் நாணயத்தை வெளியிட்ட நாடு, அடித்த நாணயச்சாலை, வண்ண வடிவத்தின் எண்ணிக்கை மூன்றும் இருக்க வேண்டும். '500 மட்டுமே' என்று போட்டு வண்ணம் பூசிய நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால், அந்த 500 என்பது பெயிண்ட்டின் எண்ணிக்கை. அடியில் இருக்கும் நாணயம் லட்சக்கணக்கில் அடித்ததாக இருக்கலாம்.

சேலம்_ரவி

நாணயச்சாலை எப்படித்தான் வண்ணம் போடுகிறது? கையால் பிரஷ் வைத்தா?

உரைகல்

பெரும்பாலும் பேட் பிரிண்டிங். உருவத்தைக் குழியாக வெட்டிய தட்டில் மை நிரப்புவார்கள், மென்மையான சிலிகோன் மெத்தை ஒன்று அந்த மையை எடுத்து நாணயத்தில் ஒற்றும். மெத்தை வளைந்துகொடுப்பதால் புடைப்பான இடத்திலும் மை உட்காரும். ஒரு நிறத்துக்கு ஒரு தட்டு, ஒரு ஒற்றல். இப்போது நேரடியாக டிஜிட்டலில் அச்சிட்டுப் புற ஊதா விளக்கில் உலர்த்துவதும் உண்டு. எனாமல் சுடுவது பழைய முறை, விலையும் கூட. நாணயத்தில் அதைக் காண்பது அபூர்வம்.

சிங்கை_மாறன்

வண்ணத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். குறிஞ்சி அக்கா கேட்டது இடம். அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

யானை பார்க்க யாராவது சோமாலியாவுக்குச் சுற்றுலா போவார்களா? நாணயத்தில் சோமாலியா, மனசில் தான்சானியாவின் செரெங்கெட்டி. நியுவே என்று ஒரு தீவு, மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது, நியூசிலாந்து டாலரில் வாழ்கிறது. அதன் பெயரில் வராத விலங்கே இல்லை. துவாலு பெயரில் பெர்த் மின்ட் 2006-ல் ரெட்பேக் சிலந்தியை வண்ணத்தில் வெளியிட்டது, 5000 நாணயம். இன்று அதற்கு நல்ல கிராக்கி. ஆனால் அந்தச் சிலந்தி ஆஸ்திரேலியாவுடையது, துவாலு வெறும் பெயர்ப் பலகை. சின்ன நாடுகளுக்கு உரிமைத் தொகை கிடைக்கிறது, தப்பில்லை. ஆனால் 'இடங்களைச் சேர்க்கிறேன்' என்று கிளம்புகிறவர் நாணயத்தின் மேல் எழுதியிருக்கும் நாட்டை நம்பினால் வரைபடம் குழம்பிவிடும்.

ஒரே நாட்டுக்குள்ளும் குழப்பம் உண்டு. பெர்த் மின்ட் 2009-ல் தொடங்கிய சீ லைஃப் வரிசை, அரை அவுன்ஸ், வண்ணம். அதில் லீஃபி சீ டிராகன் இருக்கிறது. இலை மாதிரியே உடம்பு, பிரமாதமான நாணயம். வாங்குகிறவர் பலர் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறை என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்தப் பிராணி வாழ்வது ஆஸ்திரேலியாவின் தெற்கு, தென்மேற்குக் கரையில். கிரேட் பேரியர் ரீஃப் வடகிழக்கில். கோடிக்கரைக்குப் போகிறேன் என்று கொச்சிக்கு டிக்கெட் எடுத்த கதை.

கடலோரம்

மாறன், நெத்தியடி. பலாவில் அந்தக் குழப்பம் இல்லை என்று இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன் :)

சிங்கை_மாறன்

முதல் சில வருஷத்துக்கு இல்லை. அப்புறம் பலா பெயரிலும் உலகத்தில் உள்ள எல்லாமே வந்துவிட்டது, அண்ணே. அந்தத் தீவுக்குச் சம்பந்தமே இல்லாத கட்டடம், ஓவியம், துறவி, எதை வேண்டுமானாலும் தேடிப் பாருங்கள்.

கடலோரம்

அதுவும் சரிதான். கடல் வரிசையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டாலஸ்_மீனா

இடம்தான் முக்கியம் என்றால் அமெரிக்காவின் 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' வரிசையை யாரும் சொல்லவில்லையே. 2010-லிருந்து 2021 வரை 56 கால் டாலர்கள்: ஐம்பது மாநிலம், தலைநகர், ஐந்து ஆட்சிப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூங்காவோ வரலாற்றுத் தலமோ. இடத்தின் பெயர் நாணயத்திலேயே பொறித்திருக்கும், மாறன் சொல்லும் குழப்பத்துக்கு இடமே இல்லை. யெல்லோஸ்டோனில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றும் காட்டெருமையும், டெனாலியில் டால் செம்மறி, எவர்கிளேட்ஸில் பாம்புத்தாராவும் கரண்டிவாயனும், 2020-ல் அமெரிக்க சமோவாவுக்குப் பழந்தின்னி வௌவால் தாயும் குட்டியும். கொரோனா ஆண்டில் வௌவால் காசு வெளிவந்து பட்ட கேலி கொஞ்சநஞ்சமில்லை, ஆனால் 56-ல் எனக்குப் பிடித்தது அதுதான்.

இதே வடிவங்களை ஐந்து அவுன்ஸ் வெள்ளியிலும் அடித்தார்கள். விட்டம் மூன்று அங்குலம், முகமதிப்பு அதே கால் டாலர். உள்ளங்கை நிறைய வெள்ளி. புரூஃப் செட்டில் (சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு அடிக்கும் ரகம்) வரும் வெள்ளிக் கால் டாலர் 2018 வரை 90 சதவீத வெள்ளி, 2019-லிருந்து 99.9.

குறிஞ்சி_கோவை

மீனா அக்கா, அதில் வண்ணம் உண்டா?

டாலஸ்_மீனா

இல்லை. அந்த வரிசையில் அமெரிக்க மின்ட் வண்ணம் போடவே இல்லை. வண்ணத்தோடு விற்பதெல்லாம் வெளியார் பூசியது, தொலைக்காட்சி விளம்பரத்தில் கூவிக் கூவி விற்பார்கள். இங்கேதான் உங்களுக்குச் சிக்கல்: இடம் சரியாக இருப்பதில் வண்ணம் இல்லை, வண்ணம் இருப்பதில் இடம் சரியில்லை.

பழங்காசு_சுப்பு

அப்படிச் சொல்லும்மா! இவ்வளவு நேரம் நான் சொன்னதும் அதுதான்.

குறிஞ்சிக்கு ஒரு யோசனை. வண்ணத்துக்கு முன்னால் வனவிலங்குக் காசு எப்படி இருந்தது என்று பார். 1974-ஐ ஒட்டி உலக வனவிலங்கு நிதியமும் ஐ.யூ.சி.என். எனும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் சேர்ந்து ஒரு நாணயத் திட்டம் நடத்தின. ஒவ்வொரு நாடும் தன் காட்டு விலங்கைத் தானே தேர்ந்து இரண்டு வெள்ளி, ஒரு தங்கம் என்று வெளியிட்டது, வருமானத்தில் ஒரு பங்கு பாதுகாப்புக்குப் போனது. நேபாளம் 25 ரூபாயில் டாஃபே எனும் இமயமலை மோனால், 50 ரூபாயில் சிவப்புப் பாண்டா. தான்சானியா 25 ஷில்லிங்கில் ஒட்டகச்சிவிங்கி, 50-ல் கருப்புக் காண்டாமிருகம். இந்தோனேசியா 2000 ரூபியாவில் ஜாவாப் புலி, 5000-த்தில் ஒராங்குட்டான். மலேசியா 15 ரிங்கிட்டில் காட்டெருது, 25-ல் இருவாட்சி. பாகிஸ்தான் கூட 150 ரூபாயில் கரியால் முதலை போட்டது. எல்லாம் அவரவர் காட்டு விலங்கு, அவரவர் காசு. புரூஃப் ரகம் 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு), சிறியது 28.28 கிராம், பெரியது 35 கிராம்.

அந்த ஜாவாப் புலி இப்போது பூமியிலேயே இல்லை. காசில் மட்டும் இருக்கிறது. இதற்கு வண்ணம் எதற்கு?

மார்க்கம்_அண்ணா

ஐயா, அந்த நேபாள சிவப்புப் பாண்டா என்னிடம் உண்டு. உள்ளபடி சொன்னால், சிவப்பாக இல்லாத சிவப்புப் பாண்டா கொஞ்சம் சோகமாகத்தான் இருக்குது.

பழங்காசு_சுப்பு

:) இந்த ஒரு விலங்குக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

சேலம்_ரவி

என்னிடம் நல்ல விலையில் ஆப்பிரிக்க வண்ண நாணயங்கள் இருக்கின்றன, தேவைப்படுகிறவர்கள் தனிச்செய்தியில்

நெறியாளர்

ரவி, விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இங்கே வேண்டாம்.

குறிஞ்சி_கோவை

நம் நாட்டில் இப்படி எதுவும் வரவில்லையா?

உரைகல்

இருக்கிறது, ஆனால் வகை பிரித்துப் பார்க்க வேண்டும்.

புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-ல் தொடங்கியது. ஐம்பது ஆண்டு நிறைவுக்காக 2023 ஏப்ரல் 9 அன்று மைசூருவில் பிரதமர் 50 ரூபாய் நினைவு நாணயம் வெளியிட்டார். இது முகமதிப்பு உள்ள, அரசு அறிவித்த நாணயம்.

அப்புறம் 2024 பிப்ரவரியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அரசின் நாணய அச்சு நிறுவனத்தின் நிறுவன நாளில் மூன்று நினைவுப் பொருள் நாணயங்களை வெளியிட்டார். ராம் லல்லா எனும் குழந்தை ராமர், புத்தரின் ஞானோதயம், ஒற்றைக் கொம்பு காண்டாமிருகம். ராம் லல்லா நாணயம் 50 கிராம் 999 வெள்ளி, வண்ணம். காண்டாமிருகம் உங்கள் பட்டியலுக்கு ஏற்றது: காசிரங்கா 1974-ல் தேசியப் பூங்கா, 1985-ல் உலகப் பாரம்பரியத் தலம், 2022 கணக்கெடுப்பில் 2613 காண்டாமிருகம். விலங்கும் இடமும் பிசகவில்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் முகமதிப்பு கிடையாது, சட்டப்படி பணம் இல்லை. சுப்பு ஐயா பாஷையில் பதக்கம்.

இந்திய நினைவு நாணயங்களில் இன்னொன்றும் கவனியுங்கள். 'வெள்ளி நாணயம்' என்று சொன்னாலும் பல வருஷமாக வந்தவை பாதி வெள்ளிதான்: 50 சதவீத வெள்ளி, 40 செம்பு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5. எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயத்தில் வெள்ளி 80 சதவீதம். அதனால் 'எத்தனை கிராம்' என்று மட்டும் கேட்காதீர்கள், 'எத்தனை கிராம் வெள்ளி' என்று கேளுங்கள்.

சேலம்_ரவி

நம்ம வரையாட்டுக்கு ஒரு காசு வந்தால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். வண்ணத்தோடு வந்தாலும் சரி, இல்லாமல் வந்தாலும் சரி.

சிங்கை_மாறன்

அக்கா கேட்ட பணக் கணக்கைப் பேசாமல் விட்டுவிட்டோம்.

வண்ண நாணயத்தின் விலையில் மூன்று அடுக்கு: வெள்ளியின் மதிப்பு, நாணயம் என்பதற்கான கூடுதல், வண்ணத்துக்கும் பெட்டிக்குமான கூடுதல். விற்கும்போது முதல் அடுக்கை யாரும் மறுக்க மாட்டார்கள். இரண்டாவது, வாங்குகிறவர் சேகரிப்பாளராக இருந்தால் கிடைக்கும். மூன்றாவது பெரும்பாலும் காற்றில் போய்விடும். நகைக்கடையிலோ சேட்டு கடையிலோ கொடுத்தால் முதல் அடுக்கிலும் கழிவு கேட்பார்கள். அவர்கள் கண்ணுக்குக் கொரில்லாவும் ஒன்று, கொலுசும் ஒன்று.

வெள்ளி 2011 ஏப்ரலில் அவுன்ஸ் 49 டாலர் பக்கம் போனது, 2020 மார்ச்சில் 12-க்கு விழுந்தது, 2025 அக்டோபரில் 50-ஐத் தாண்டியது. வெள்ளி 30 டாலராக இருந்த காலத்தில் வண்ண நாணயத்துக்கு 90 கொடுத்தவரை நினைத்துப் பாருங்கள். வெள்ளி இவ்வளவு ஏறியும் அவர் போட்டதை எடுக்கப் பல வருஷம் பிடித்திருக்கும். அதே பணத்துக்குச் சாதாரண வெள்ளி வாங்கியவர் எப்போதோ லாபம் பார்த்திருப்பார். ரெட்பேக் சிலந்தி மாதிரி ஓடியவை உண்டு, அது நூற்றில் ஒன்று. முதலீடு என்றால் வண்ணம் வேண்டாம். ஆசை என்றால் கணக்கு வேண்டாம்.

டாலஸ்_மீனா

முகமதிப்பைக் கண்டும் மயங்க வேண்டாம். ருவாண்டாவின் 'ஆப்பிரிக்க அவுன்ஸ்' 2008-ல் மலைக் கொரில்லாவோடு தொடங்கியது. முகமதிப்பு 50 ஃபிராங்க், நம்ம ஊர் காசில் மூன்று ரூபாய் சொச்சம். ஆனால் அதே கொரில்லாவை எரிமலைகள் தேசியப் பூங்காவில் நேரில் பார்க்க அனுமதிச் சீட்டு 2017-லிருந்து 1500 டாலர். நாணயம் மலிவு :) அதன் வழக்கமான வெளியீடும் வண்ணமில்லாததுதான். பொன்முலாமும் வண்ணமும் ஏற்றி விற்பவர்கள் இதிலும் உண்டு.

குறிஞ்சி_கோவை

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்கம்?

உரைகல்

கட்ட வேண்டும். வெள்ளிக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள், அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. வெள்ளி இறக்குமதி விதிகளை அரசு அடிக்கடி மாற்றுகிறது. ஆர்டர் போடும் வாரத்தில் இருக்கும் நிலையை ஒரு சுங்க முகவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். விற்பவரிடம் பில்லில் உண்மை விலையை எழுதச் சொல்லுங்கள். 'பரிசுப் பொருள்' என்று எழுதுகிறேன் என்பார்கள். பொட்டலம் மாட்டினால் விற்றவருக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் தலைவலி.

சேலம்_ரவி

என் வெள்ளி நாணயம் கறுத்துவிட்டது. அம்மா திருநீறு போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்கிறார்கள். குத்துவிளக்கு, கொலுசு எல்லாம் அப்படித்தான் செய்கிறோம். வண்ண நாணயத்துக்கும் ஆகுமா?

உரைகல்

ரவி, அந்தத் திருநீற்றை நெற்றியில் பூசுங்கள்! சாம்பல், பல்பொடி, புளி எல்லாம் கொலுசுக்குச் சரி. புரூஃப் நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் ஒரு தேய்ப்பு போதும், முடி முடியாகக் கீறல் விழுந்துவிடும், அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை.

வண்ண நாணயத்துக்கு இன்னும் கட்டுப்பாடு உண்டு. சாதாரண வெள்ளியில் பிளாஸ்டிக் உறையின் பச்சைப் பிசுக்கு ஒட்டினால் அசிட்டோனில் அலசச் சொல்வோம். வண்ண நாணயத்தில் அசிட்டோன் பட்டால் மை இளகிக் கரையும். வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினாலும் ஆபத்து. சுருக்கமாக, வண்ண நாணயத்தைச் சுத்தம் செய்ய முடியாது. அழுக்காகாமல் வைத்திருக்கத்தான் முடியும்.

கடலோரம்

எங்கள் தூத்துக்குடிக் காற்றில் எதுவும் மிஞ்சாது என்பார்கள். நான் செய்வது: காற்றுப் புகாத கேப்ஸ்யூல் (நாணயத்துக்கான வட்ட பிளாஸ்டிக் டப்பா), அதற்கு வெளியே ஜிப் கவர், டப்பாவில் சிலிக்கா ஜெல். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரில் இருக்கும் கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. செய்தித்தாளில் சுற்றுவதும் கூடாது. மர பீரோவை விட இரும்பு பீரோ நல்லது. வெயில் படும் ஷோகேஸில் வைத்தால் வண்ணம் வெளுக்கும்.

மார்க்கம்_அண்ணா

கறுப்பு மட்டும் இல்லை, வெள்ளைப் புள்ளியும் வரும். பால் தெறித்த மாதிரி இருக்கும். அடிப்பதற்கு முன் தகட்டைக் கழுவிய மருந்தின் மிச்சம் என்று சொல்கிறார்கள். நாங்கள் எப்படி வைத்தாலும் வரும், வாங்கும்போதே உற்றுப் பார்க்க வேணும். வண்ணம் உள்ள இடத்தில் தெரியாது, வெள்ளி தெரியும் இடத்தில்தான் பல்லிளிக்கும்.

சேலம்_ரவி

போலியைக் கண்டுபிடிக்க? பத்தரிடம் கொடுத்து உரைத்துப் பார்க்கலாமா?

உரைகல்

என் பெயரை வைத்துக்கொண்டே சொல்கிறேன், உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். விளிம்பில் உரைத்தாலே சேகரிப்பு மதிப்பு போய்விடும். தராசு போதும். ஒரு அவுன்ஸ் என்றால் 31.1 கிராம், விட்டமும் தடிமனும் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். காந்தம் ஒட்டக் கூடாது. இன்னும் சந்தேகம் இருந்தால் நீரில் எடை போடுங்கள்: தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய நாணயத்தை அடி தொடாமல் முக்கினால், ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி சுமார் 2.97 கிராம் காட்டும். வெள்ளியின் அடர்த்தி 10.49 என்பதால் வரும் கணக்கு இது. காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்கட்டும். தண்ணீரால் மை கரையாது, ஆனாலும் ஊறப்போடாதீர்கள். முக்கியதும் எடுத்து மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள்.

குறிஞ்சி_கோவை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவையும் படித்த பிறகு என் பட்டியலைத் திருத்திவிட்டேன். நாணயத்தில் இருக்கும் உயிர் அதில் பெயர் எழுதியிருக்கும் நாட்டில் வாழ வேண்டும். வண்ணம் இருந்தால் நாணயச்சாலையே போட்டதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காவிட்டால் வண்ணத்தை விடுகிறேன், இடத்தை விட மாட்டேன்.

அதன்படி முதலில் தேடப்போவது பலாவின் ஆரம்ப கால 5 டாலர் மீன் ஒன்று. லீஃபி சீ டிராகனையும் விடப்போவதில்லை, ஆனால் அதைத் தென் ஆஸ்திரேலியா பக்கத்தில்தான் வைப்பேன், மாறன் கவலைப்பட வேண்டாம். காசிரங்காவுக்குக் காண்டாமிருகம், அது பதக்கம் என்று சுப்பு ஐயா சொன்னாலும் சரி. வண்ணம் இல்லாமல் சமோவா வௌவாலும் நேபாள சிவப்புப் பாண்டாவும். சோமாலியா யானையைத் தனி டப்பாவில் போட்டுவிட்டேன், அது சேகரிப்பில் சேராது, தம்பியின் அன்பளிப்பு.

கடைசியாக ஒரு கேள்வி: கேப்ஸ்யூல் எல்லாம் ஒரே அளவா?

பழங்காசு_சுப்பு

அந்த 74-ஆம் வருஷத்து நேபாளக் காசு தேடினால் எனக்கு ஒரு செய்தி அனுப்பு. என்னிடம் இரட்டை இருக்கிறது. விற்பனை இல்லை நெறியாளரே, மாற்றிக்கொள்வது!

கடலோரம்

ஒரே அளவு இல்லை, தங்கச்சி. ஒரு அவுன்ஸ் நாணயங்களிலேயே நாட்டுக்கு நாடு விட்டம் மாறும், பெர்த்தின் பழைய நாணயங்களில் தடிமனும் கூட. வெர்னியர் காலிப்பரால் அளந்து, மில்லிமீட்டர் கணக்கில் நேர் அளவுக்கு வாங்குங்கள். தளர்வாக இருந்தால் நாணயம் உள்ளே ஆடி வண்ணம் மூடியில் உரசும். உள்ளே நுரை வளையம் வைத்து வருவதை வாங்கினால், அது கந்தகம் இல்லாத நுரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.